பேச்சுக் கணக்கும் வாக்குக் கணக்கும்

(தோட்டக் கமிட்டியின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



எங்களுக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் தலைப்பு 'நமது பிரதிநிதிகளும் நாமும்' என்பது. தலைப்பு பெரியது. வானமும் கறுத்திருக்கிறது. ஆகவே ஒரே ஒரு மாலையைப் பற்றி மட்டும் பேசிவிட்டு அமர்ந்துவிடுகிறோம்.

2022-ம் ஆண்டு நவம்பர் 19-ந் தேதி பொதுத் தேர்தல் நடந்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன்பு, நம் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர் ஓட்டுக் கேட்டு இதே மண்டபத்துக்கு வந்தார். பெயர் வேண்டாம், உங்களுக்கு நினைவிருக்கும். அவர் கையில் ஓர் அச்சிட்ட பிரசுரம் இருந்தது. 2020-ம் ஆண்டு நவம்பரில் வரவு செலவுத் திட்டத்தின்மீது மக்களவையில் அவர் பேசிய பேச்சு அது. தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டியவனுக்கு வேலை முடிந்ததும் லயத்து வீடு இல்லையென்றும், இந்தத் திட்டத்தில் அவனுக்கென்று ஒரு காசும் ஒதுக்கப்படவில்லையென்றும், இப்படிப்பட்ட திட்டத்தைத் தம்மால் ஏற்கவே முடியாதென்றும் அவர் முழங்கியிருந்தார். நம் கமிட்டி அதைப் படித்து மனமுருகியது உண்மை. பழைய மண்டோர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நாங்களே பார்த்தோம். சந்தாப் பணத்தில் மாலை வாங்கிப் போட்டோம். ரோஜா மாலை.

கூட்டம் கலைந்த பிறகு, நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தபோது, அறுபது வயது நெருங்கிக்கொண்டிருந்த ஓர் அம்மா எங்களிடம் வந்து கேட்டார்: "ஏன் கிராணி ஐயா, அவ்வளவு நல்லாப் பேசினாரே, அங்கே ஓட்டுப் போடுற நேரத்துல என்ன செஞ்சாரு?"

எங்களுக்குப் பதில் தெரியவில்லை. "விசாரித்துச் சொல்கிறோம், அம்மா" என்றோம். அந்த விசாரணையின் விவரமே இன்றைய பேச்சு.

தோழர்களே, நாங்கள் கிராணி உத்தியோகம் பார்ப்பவர்கள். கிராணிமாருக்கு வேறு சங்கம் இருக்கிறதே, இவர் ஏன் நம் மேடையில் நிற்கிறார் என்று சிலர் முணுமுணுப்பது எங்கள் காதில் விழாமல் இல்லை. அதைப் பிறகு பேசிக்கொள்வோம். கிராணிக்கு ஒரு பழக்கம் உண்டு: வாய்க் கணக்கை அவன் ஏற்கமாட்டான். காலையில் பெரட்டுக் களத்தில் "வந்தேன்" என்று பத்துப் பேர் குரல் கொடுக்கலாம். செக்ரோலில் யார் பேருக்கு நேரே கோடு விழுந்திருக்கிறதோ அவருக்கே சம்பளம். நண்பகலில் பால் கொட்டகைக்கு வந்தால் வாளி நிரம்பியிருக்கும். நிரம்பிய வாளியைப் பார்த்து யாரும் காசு கொடுப்பதில்லை. பாலை நிறுத்து, மாதிரி எடுத்து, நூற்றுக்கு எத்தனை பங்கு காய்ந்த ரப்பர் என்று பார்க்கிறோம். முப்பதோ முப்பத்தைந்தோ வரும். மீதியில் பெரும்பங்கு தண்ணீர். மழை பெய்த அன்று தண்ணீர் இன்னும் கூடும்.

சட்டசபைப் பேச்சையும் இப்படி நிறுத்துப் பார்க்க முடியுமா? முடியும் என்று நினைத்துத்தான் நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்தோம். நாடாளுமன்றத்தில் பேசப்படுவது அத்தனையும் சொல்லுக்குச் சொல் பதிவாகி ஹான்சார்டு என்ற பெயரில் வெளிவருகிறது. 1959-ம் ஆண்டு முதல் மக்களவை கூடிய காலத்திலிருந்து அந்த ஏடுகள் இருக்கின்றன. நாடாளுமன்றத்தின் இணையத்தளத்தில் காசில்லாமலே படிக்கலாம். மலாய் மொழியில் இருக்கும். தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள் நாங்கள். முதலில் கொஞ்சம் தடுமாறினோம். ஐந்தாம் படிவம் படிக்கும் நம் லயத்துப் பெண் ஒருத்தி பக்கத்தில் அமர்ந்து உதவினாள். பேச்சுகளைக் கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தது. உறுப்பினரின் பெயரும் தொகுதியும் போட்டு, பக்கம் பக்கமாக இருக்கிறது. வாக்கைத் தேடினோம். அங்கேதான் முதல் அதிர்ச்சி.

வாக்கு பெரும்பாலும் பதிவாகியிருக்கவே இல்லை!

மசோதா ஒன்றின்மீது மணிக்கணக்காக விவாதம் நடக்கிறது. கடைசியில் அடைப்புக் குறிக்குள் ஒரே வரி: பிரச்னை முடிவுக்கு விடப்பட்டது, ஒப்புக்கொள்ளப்பட்டது. அவ்வளவுதான். யார் ஒப்புக்கொண்டார், யார் மறுத்தார், யார் காப்பி குடிக்கப் போயிருந்தார் என்பது ஒன்றும் இல்லை. இதற்குக் குரல் வாக்கெடுப்பு என்று பெயர். சபாநாயகர் கேட்கிறார், ஒரு பக்கம் 'ஆம்' என்கிறது, இன்னொரு பக்கம் 'இல்லை' என்கிறது, எந்தச் சத்தம் பெரியது என்று அவர் தீர்ப்பளிக்கிறார். நம் பெரட்டுக் களத்தில் செக்ரோல் இல்லாமல் கூப்பாட்டை வைத்துச் சம்பளம் போட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் சபை விதியில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். குறைந்தது 15 உறுப்பினர்கள் தங்கள் இடத்தில் எழுந்து நின்று பிரிவு வாக்கெடுப்பு வேண்டும் என்று கேட்டால், சபாநாயகர் அதை நடத்தியாக வேண்டும். மணி அடிக்கும். கதவு சாத்தப்படும். எண்ணுகிறவர்கள் வரிசை வரிசையாக வந்து ஒவ்வொருவரின் வாக்கையும் குறித்துக்கொள்வார்கள். ஆதரித்தவர், எதிர்த்தவர், வாக்களிக்காமல் இருந்தவர் என்று கணக்கு வரும். சபையில் மொத்தம் 222 பேர். அவர்களில் 15 பேர் எழுந்து நின்றால் போதும், நாட்டுக்கே தெரிந்துவிடும்.

இப்பொழுது 2020-ம் ஆண்டுக்கு வருவோம். அது கோவிட் நோய் ஆட்டிப் படைத்த வருடம். நவம்பர் 6-ந் தேதி 2021-ம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் மக்களவையில் வைக்கப்பட்டது. 322.5 பில்லியன் வெள்ளித் திட்டம். அன்றைய அரசாங்கத்துக்கு இருந்த பெரும்பான்மையோ மயிரிழை. இந்தத் திட்டம் தோற்றால் அரசாங்கமே தோற்றதாகும் என்று நாடு முழுவதும் பேச்சு. மூன்று வாரம் எதிர்க்கட்சி வரிசையிலிருந்து கண்டன மழை பொழிந்தது. கடன் தவணையை எல்லோருக்கும் ஒத்திவை, சேமநிதியிலிருந்து பணம் எடுக்கும் நிபந்தனையைத் தளர்த்து, பிரசாரம் செய்யும் ஓர் இலாகாவுக்கு 85.5 மில்லியன் எதற்கு என்றெல்லாம் கேட்டார்கள். கேட்டதில் நியாயம் இருந்தது. நம்முடையவர் பேசியதும் அந்த நாட்களில்தான்.

நவம்பர் 26-ந் தேதி வந்தது. கொள்கை அளவில் திட்டத்தை ஏற்பதா என்ற வாக்கு. குரல் வாக்கில் 'ஆம்' வென்றது என்று சபாநாயகர் சொன்னார். பிரிவு வாக்கெடுப்பு கேட்பவர்கள் எழுந்து நிற்கலாம் என்ற கட்டம். எத்தனை பேர் எழுந்தார்கள், தெரியுமா தோழர்களே? 13 பேர். நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இருந்த ஓர் அணியிலிருந்து இன்னும் இரண்டு பேர் எழுந்திருந்தால் கணக்கு வந்திருக்கும். மூன்று வாரம் எதிர்த்துப் பேசிய பேச்சுகளெல்லாம் ஹான்சார்டில் இருக்கின்றன. அன்றைய வாக்கு மட்டும் இல்லை.

இதைக் கண்டதும் எங்களுக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "பார்த்தீர்களா, மாலையை வீணாக்கினோம்" என்று எங்களில் ஒருவர் மேசையைத் தட்டினார். அன்றிரவே பத்திரிகைக்கு ஒரு கண்டனக் கடிதமும் எழுதிவிட்டோம். நல்ல வேளையாக அஞ்சலில் சேர்க்கவில்லை. கிராணி புத்தி குறுக்கே வந்தது: ஒரு நாள் செக்ரோலை மட்டும் பார்த்து ஒருவனைச் சோம்பேறி என்று எழுதலாமா? மாதம் முழுவதையும் பார்க்க வேண்டாமா?

பார்த்தோம். வரவு செலவுத் திட்டம் ஒரே வாக்கில் முடிவதில்லை. கொள்கை அளவில் ஒரு வாக்கு. பிறகு ஒவ்வோர் அமைச்சின் ஒதுக்கீடும் கமிட்டி நிலையில் தனித்தனியாக வரும். அதன் பிறகு மூன்றாம் வாசிப்பு. கமிட்டி நிலையில் பல முறை 15 பேருக்கு மேல் எழுந்து நின்று பிரிவு வாக்கெடுப்பு கேட்டிருக்கிறார்கள். டிசம்பர் 15-ந் தேதி மூன்றாம் வாசிப்பு. அன்று கணக்கெடுத்தார்கள். ஆதரவு 111, எதிர்ப்பு 108. ஒருவர் வரவில்லை. இரண்டு தொகுதிகள் அப்போது காலியாக இருந்தன. மூன்றே வாக்கில் திட்டம் பிழைத்தது. அந்த 108 பேரில் நம்முடையவர் இருந்தார்.

ஆகவே அந்த அம்மாவுக்கு நாங்கள் சொல்லவேண்டிய பதில் இரண்டு பாதியாக உடைந்தது. நவம்பரில் எழுந்து நிற்கவில்லை. டிசம்பரில் சொன்ன சொல்லுக்கு ஏற்ப வாக்களித்தார். முதலாவதை மட்டும் சொன்னால் அநியாயம். இரண்டாவதை மட்டும் சொன்னால் அது அவருடைய பிரசுரம்!

நேரிலேயே கேட்டுவிடுவோம் என்று மூவரும் அவரைப் பார்க்கப் போனோம். மரியாதையாகத்தான் வரவேற்றார், தேநீர் கொடுத்தார். "அன்றைக்கு நீங்கள் எழுந்து நிற்கவில்லையே, ஐயா?" என்றோம். "நிற்கவில்லை" என்று ஒப்புக்கொண்டார். மறைக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். தலைமை உட்காரச் சொன்னது என்றார். கமிட்டி நிலையில் பார்த்துக்கொள்ளலாம் என்பது கட்டளை என்றார். நோய்க் காலத்தில் திட்டத்தைக் கவிழ்க்க வேண்டாம் என்று மாமன்னரே உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டிருந்ததையும் நினைவூட்டினார். அது உண்மைதான், அக்டோபர் மாதத்தில் அப்படி ஓர் அறிவுரை வந்தது. மருத்துவமனைத் தாதியின் சம்பளமும் அந்தத் திட்டத்தில்தானே இருந்தது என்றும் கேட்டார். எங்களுக்குச் சட்டென்று மறுமொழி வரவில்லை.

ஆனால் வெளியே வந்து மோட்டார் சைக்கிளில் ஏறும்போது எங்களில் இளையவர் ஒன்று சொன்னார்: "கவிழ்க்க வேண்டாம் என்று உட்கார்ந்தது சரி என்றால், பிரசுரத்தில் அதையும் அச்சடித்திருக்கலாமே?" அது சரியான கேள்வி என்றே இன்றும் நினைக்கிறோம். ஏற்கவே முடியாது என்று பேசிய பக்கத்தை ஆயிரக்கணக்கில் அச்சடித்தவர், உட்கார்ந்த காரணத்தை நாங்கள் தேடிப் போய்க் கேட்ட பிறகுதான் சொன்னார்.

இன்னொரு வாக்கையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது பலரை ஏமாற்றும். 2019-ம் ஆண்டு ஏப்ரல் 9-ந் தேதி, சபா, சரவாக் மாநிலங்களின் தகுதியைப் பற்றிய அரசியலமைப்புத் திருத்தம் மக்களவைக்கு வந்தது. அரசியலமைப்புத் திருத்தத்துக்கு மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்; அதாவது 148 பேர். ஆகவே அதைக் குரல் வாக்கில் முடிக்க முடியாது, கணக்கெடுத்தே தீரவேண்டும். கிடைத்த ஆதரவு 138. எதிர்ப்பு எத்தனை? ஒன்றுமே இல்லை. வாக்களிக்காமல் இருந்தவர்கள் 59 பேர். யாருமே எதிர்க்காத திருத்தம் தோற்றுப்போனது! நடுநிலை வகித்தோம் என்று ஊரில் போய்ச் சொல்லலாம். சபா, சரவாக் மக்களுக்கு எதிராக நாங்கள் கை தூக்கவில்லை என்றும் சொல்லலாம். மூன்றில் இரண்டு பங்கு வேண்டிய இடத்தில் வாக்களிக்காமல் இருப்பதும் எதிர்ப்பதும் கணக்கில் ஒன்றே. 2021-ம் ஆண்டு டிசம்பர் 14-ந் தேதி அதே விஷயம் வேறு வாசகத்தில் திரும்ப வந்தபோது 199 பேர் ஆதரித்தார்கள். வாசகம் மாறியதால் மனம் மாறியதா, இருக்கும் வரிசை மாறியதால் மாறியதா என்பதை அவரவர் பேச்சையும் வைத்துப் பார்க்க வேண்டும். சிலருக்கு வாசகம்தான் காரணம். முதல் விவாதத்திலேயே அதைச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டோம்.

இனி நம் வயிற்றுக்கு வருவோம்.

குறைந்தபட்ச சம்பளத்தைப் பற்றி எத்தனை உறுப்பினர்கள் எத்தனை விதமாகப் பேசியிருக்கிறார்கள் என்று தேடினால் ஒரு பெட்டி நிறையும். அந்தப் பேச்சுகளுக்கு நேரே எந்த வாக்கை வைத்துப் பார்ப்பது? நாங்கள் பல நாள் தேடினோம். பிறகுதான் புரிந்தது. 2011-ம் ஆண்டுச் சட்டம் சம்பள ஆலோசனை மன்றம் ஒன்றை ஏற்படுத்தியது. சம்பளம் எவ்வளவு என்ற தொகை, அந்த மன்றத்தின் சிபாரிசின்மீது அரசாங்கம் எடுக்கும் முடிவாக, அமைச்சரின் உத்தரவாக வெளிவருகிறது. 2013-ல் தீபகற்பத்தில் 900 வெள்ளி. 2016-ல் 1,000. 2019-ல் 1,100. 2020 பிப்ரவரியில் 1,200 என்றார்கள், ஆனால் 56 நகராட்சி மாநகராட்சிப் பகுதிகளுக்கு மட்டும். அந்த எல்லைக்கு வெளியே இருந்த தோட்டங்களுக்கு 1,100-தான். பட்டணத்தில் தரை கூட்டுபவருக்கு ஒரு விலை, தோட்டத்தில் மரம் வெட்டுபவருக்கு ஒரு விலை. அரிசி மட்டும் இரண்டு இடத்திலும் ஒரே விலை. 2022 மே மாதத்தில் 1,500. 2025 பிப்ரவரியில் 1,700. இந்தத் தொகைகளில் எதற்கும் உறுப்பினர்கள் தலைக்கு ஒரு வாக்குப் போட்டு முடிவு செய்யவில்லை.

இதன் அர்த்தம் யாது? இந்த விஷயத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், ஒருவரும் வாக்கைக் காட்டு என்று கேட்க முடியாது. அதற்காகப் பேச்சே வீண் என்று நாங்கள் சொல்லவில்லை. 56 பகுதிப் பிரிவினையைக் கண்டித்துப் பேசியவர்கள் இருந்தார்கள். 2022-ல் அந்தப் பிரிவினை ஒழிந்தது. பேச்சுக்கும் அதில் பங்கு இருக்கலாம். ஆனால் அங்கே எடைபோட வேண்டியது வேறு: அமைச்சரிடம் எழுத்து மூலம் கேள்வி கேட்டாரா, ஒருமுறைக்கு மேல் கேட்டாரா, ஆட்சி மாறித் தம் கட்சியே அமைச்சில் அமர்ந்தபோதும் அதே கேள்வியைக் கேட்டாரா? கடைசியாகச் சொன்னதைப் பாருங்கள், பல பேரின் குரல் அங்கேதான் தேய்கிறது.

வீட்டு விஷயமும் அப்படியே. நம்முடையவர் லயத்து வீட்டைப் பற்றி முழங்கியது மக்களவையில். நிலம் யார் கையில் இருக்கிறது? அரசியலமைப்பின்படி நிலம் மாநிலத்தின் அதிகாரம். வீடு கட்டிக்கொள்ள நிலம் ஒதுக்கும் முடிவு மாநில அரசாங்கத்தில் நடக்கிறது. கோலாலம்பூரில் நின்று நிலத்தைப் பற்றி எவ்வளவு உரக்கப் பேசினாலும் அங்கே அதற்கு வாக்கு வராது. மாநிலச் சட்டமன்றத்தில் அவருடைய கட்சிக்காரர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்திருக்க வேண்டும். நாங்கள் பார்க்கவில்லை. மாலைதான் போட்டோம்.

அவருடைய ஐந்து வருடப் பேச்சுகளில் 'தோட்டம்' என்ற சொல் வரும் இடங்களை அந்தப் பெண் குறித்துக் கொடுத்தாள். பெரும்பாலும் செம்பனை விலை, ஏற்றுமதி வரி, அந்நியத் தொழிலாளர் பற்றாக்குறை. லயத்து வீட்டைப் பற்றிய பேச்சு அந்த ஒன்றுதான். ஒரே பேச்சை இரண்டு வருடம் பத்திரப்படுத்தி வைத்திருந்து நம்மிடம் கொண்டுவந்தார்.

இதையெல்லாம் நாங்கள் கமிட்டியில் சொன்னபோது சிலருக்குக் கோபம் வந்தது. அவர் கட்சியைச் சேர்ந்த தோழர்கள் "நீங்கள் அந்தக் கட்சிக்காரன் கையாள்" என்றார்கள். அதே வாரத்தில் எதிர்த்தரப்புத் தோழர் ஒருவர் வந்து, குறிப்புகளைக் கொடுங்கள், நாங்கள் நோட்டீசு போடுகிறோம் என்றார். அவருக்கும் கொடுக்கவில்லை. அவருடைய ஆளின் கணக்கையும் பார்த்து முடித்த பிறகு இரண்டையும் சேர்த்துக் கொடுக்கிறோம் என்றோம். அதன் பிறகு அவர் வரவில்லை.

நம் கமிட்டியையும் சொல்லாமல் விட்டால் நேர்மை ஆகாது. போன வருடம் இதே கூட்டத்தில் வைத்தியச் செலவு நிதியைப் பற்றிய தீர்மானம் எப்படி நிறைவேறியது? தலைவர் "எல்லோருக்கும் சம்மதந்தானே?" என்றார். நாம் "சம்மதம்" என்று கத்தினோம். மினிட் புத்தகத்தை எழுதியது நாங்கள்தான்: 'ஏகமனதாக நிறைவேறியது.' பின்னால் நான்கு பேர் லயத்தில் வந்து "எங்களுக்குச் சம்மதமில்லை, கிராணி" என்றார்கள். அவர்கள் பேர் எங்கும் இல்லை. கோலாலம்பூர் சபையைப் பார்த்துச் சிரித்த வாயால் இதையும் ஒப்புக்கொள்கிறோம்.

ஆகவே இன்று இரண்டு பிரேரணைகள் கொண்டுவந்திருக்கிறோம். ஒன்று, இந்தக் கிளை ஒரு புத்தகம் வைக்க வேண்டும். இடது பக்கம் நம் தொகுதியின் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள் தோட்ட மக்களைப் பற்றிப் பேசியது, தேதியோடு. வலது பக்கம் வாக்கு. வாக்கு இல்லாத இடத்தில் கேட்ட கேள்வி. அதுவும் இல்லாத இடத்தில் வெறும் கோடு. எல்லாக் கட்சிக்கும் ஒரே புத்தகம். யாருக்கும் மாலை வாங்குவதற்கு முன் அந்தப் பக்கத்தைக் கூட்டத்தில் உரக்கப் படிக்க வேண்டும். இரண்டாவது, பணம் சம்பந்தப்பட்ட நம் தீர்மானங்களில் ஐந்து பேர் கேட்டால் பெயர் சொல்லி வாக்கெடுக்க வேண்டும். பதினைந்து என்று வைத்தால் நம் கிளையில் யாரும் எழுந்து நிற்கமாட்டோம். நம்மை நமக்குத் தெரியும்.

அந்த அம்மாவுக்குப் போன வருடம் அறுபது வயது முடிந்தது. வேலை நின்றுவிட்டது. வீட்டை விடும்படி நிர்வாகத்தின் கடிதம் வந்திருக்கிறது. அதை அச்சடித்துக் கொடுத்தது எங்கள் ஆபீசுதான், எங்கள் கையால்தான். கெடு கேட்டுச் சங்கத்தின் மூலம் எழுதியிருக்கிறோம். விசாரித்ததைப் போய் அவரிடம் சொன்னோம்: பாதி நின்றார், பாதி உட்கார்ந்தார், வீட்டுக்கான முடிவு அந்தச் சபையிலேயே இல்லை என்று. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப எந்தச் சபைக்குப் போகணும், அதைச் சொல்லு தம்பி" என்றார். அவர் 'ஐயா' என்பதை விட்டுவிட்டுத் 'தம்பி' என்று அழைத்தது அதுதான் முதல் தடவை.

மாநிலச் சட்டமன்ற உறுப்பினருக்கு எழுதிய கடிதம் இதோ இருக்கிறது. லயத்தில் வேலை முடிந்த நிலையிலிருக்கும் குடும்பங்களின் பட்டியல் இதோடு இருக்கிறது. சட்டமன்றத்தில் அவர் என்ன கேள்வி கேட்கப்போகிறார், எந்தக் கூட்டத்தில் கேட்கப்போகிறார் என்று எழுத்து மூலம் பதில் கேட்டிருக்கிறோம். கூட்டம் முடிந்ததும் கையெழுத்துப் போடாமல் யாரும் போகவேண்டாம். மேசையில் பேனா இருக்கிறது. அந்த அம்மா முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.